இடது பக்கத்து முள்

இராசையாவின் வேனில் வைப்பர் ஓடினால் ஹார்ன் முனகும். ஹார்னை அழுத்தினால் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசிக்கும். மழையில் எதிரே பஸ் வந்தால் பாதையைப் பார்ப்பதா, பஸ்காரனைக் கூப்பிடுவதா என்று இராசையாதான் முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு இருந்தும் மேமலைத் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவான மேல்கணக்கில் ஆறு வருஷமாக அந்த வேனை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. பதினோரு பிள்ளைகளைப் பதுளைக்குக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கி, பின்னேரம் லயத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிற வண்டி. அதற்கு ஹார்ன் முனகினால் என்ன, பாடினால் என்ன?

குறை சொல்ல ஆரம்பித்தது போன செவ்வாய்க்கிழமைதான்.

அன்றைக்குத் தவணைப் பரீட்சை. விடியற்காலையிலிருந்தே மழை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பசறை ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் மூன்றாவது முடக்கு வளைவில் முன்சீட்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு குதித்தார்கள். ஒருத்தியின் செருப்பு பள்ளத்தில் போனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் பரீட்சைக்குப் பதினோரு பேரும் ஒரு மணித்தியாலம் பிந்தினார்கள்.

விஜயலெட்சுமி இடது பக்கத்து முன்சீட்டில் இருந்தாள். இராசையாவின் பெஞ்சாதி, வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆளும் அவள்தான். முந்தி கொழுந்து பறித்தவள். பிள்ளைகளை ரோட்டு ஓரமாக வரிசையில் நிறுத்தி எண்ணிவிட்டு, வேனுக்கு முன்னால் போய்க் குனிந்தாள். முன் வலைக்குப் பின்னால் கையை விட்டு, சூடேறிக் கிடந்த ஒரு சாமானை இழுத்துச் சுருட்டி, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பைகளுக்கு அடியில் சொருகினாள். எதிரே இருந்த மலையைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

அது அவளுடைய பழைய படங்கு. கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமலும் ஈரம் ஏறாமலும் இடுப்பில் கட்டுகிற தடித்த சீலை. வேலையை விட்ட பிறகும் படங்கை விடவில்லை. அந்தப் பக்கத்துப் பனியில் காலையில் மோட்டார் சூடேறாமல் இருமும். அதற்காக இராசையா ரேடியேட்டருக்கு முன்னால் அந்தப் படங்கைச் சொருகி, குளிர் படாமல் மூடிவிடுவான். பாலத்தடியில் முனியாண்டி கோயில். அங்கே வண்டியை நிறுத்தி அவன் சூடம் கொளுத்துவான். அந்த நேரத்தில் அவள் இறங்கிப் படங்கை உருவிவிடுவாள். அதற்கு மேல்தான் ஏற்றம். சாமிக்குச் சூடம், மோட்டாருக்குக் காற்று, இரண்டும் ஒரே நிறுத்தத்தில் முடியும். ஆறு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

செவ்வாய்க்கிழமை மழைக்கும் பரீட்சைக்கும் பயந்து இராசையா கோயிலில் நிறுத்தவில்லை. ஹார்னை மட்டும் ஒரு அழுத்து அழுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனான். வைப்பர் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த ஹார்னும் முனியாண்டி காதில் விழுந்திருக்காது. பிந்திப்போகும் என்ற பதற்றத்தில் விஜயலெட்சுமிக்கும் படங்கு ஞாபகம் வரவில்லை.

“முனியாண்டிக்கு ஹார்ன் அடிச்சிட்டுப் போனா சும்மா விடுவாரா?” என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். விஜயலெட்சுமி வாயைத் திறக்கவில்லை. சாமி தலையில் விழுந்த பழி தன் தலையில் விழாதிருந்ததில் ஒரு சின்ன நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பிலிப்பு மட்டும் சாமிக் கதைக்கு மசியவில்லை. அவன் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், டிரையர்காரன். கொழுந்து காய்கிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நாள் முழுக்கச் சூட்டு முள்ளைப் பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். முள் பத்துப் புள்ளி கூடினால் தேயிலை கருகும், குறைந்தால் புளிக்கும். அவன் மகள் நிஷாலினி வேனில் மூன்றாவது சீட்.

செவ்வாய்க்கிழமை பின்னேரமே வந்து வேனுக்குள் தலையை விட்டான்.

“இராசையாண்ணே, தண்ணிச் சூடு காட்டுற முள்ளு எங்க?”

இராசையா கையைக் காட்டினான். அந்த இடத்தில் கதிர்காமத்து முருகன் மயிலோடு நின்றார்.

“அதுக்குப் பின்னால இருக்கு. அது செத்து நாலு வருஷமாச்சு. அதான் சாமிய ஒட்டிட்டேன்.”

“நல்ல வேல செஞ்சீங்க. முருகனுக்குக் காய்ச்ச வந்தா முள்ளு காட்டுமா? அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் முள்ளப் பாத்துச் சம்பளம் வாங்குறவன். முள்ளு இல்லாத வண்டியில எம்புள்ளைய ஏத்த மாட்டேன்.”

ஸ்டோரில் பதினெட்டு வருஷம் முள் பார்த்தவன் சொன்னால் அப்பீல் இல்லை. மறுநாளிலிருந்து பதினோரு பிள்ளைகளும் பசறை ரோட்டுக்கு நடந்துபோய் பஸ் பிடித்தார்கள். கீழ்கணக்கில் புது வேன் எடுத்த ஒருத்தன் லயம் லயமாக வந்து நம்பர் கொடுத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி முடிவு சொல்வதாகப் பேச்சு. வேனின் பிழைப்பு, வேனை நம்பின வீட்டின் பிழைப்பு, எல்லாம் அந்த ஒரு நாளில் தொங்கிற்று.

கராஜ்காரன் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஹெட்டுக்கு ஒன்றுமில்லை, கேஸ்கட்டுக்கு ஒன்றுமில்லை, தண்ணிப் பம்பும் நல்லாத்தான் ஓடுது, ஏன் கொதித்தது என்றுதான் தெரியவில்லை என்றான். தெரிந்த ஆள் பக்கத்தில் நின்று தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை புருஷனும் பெஞ்சாதியுமாகப் பதுளைக்கு இறங்கினார்கள். பஜாரில் ஷிராஸின் உதிரிப்பாகக் கடை. முஸ்லிம் ஆள், தோட்டத்து ஆட்கள் அண்ணன் முறைக்கு ‘நானா’ என்று கூப்பிடுவார்கள். ஷிராஸுக்கு ஒரு குணம்: வருகிறவன் காலைப் பார்த்து விலை சொல்வான். சப்பாத்து என்றால் ஒரு விலை, செருப்பு என்றால் ஒரு விலை. இராசையா அன்றைக்கென்று சப்பாத்துப் போட்டு வந்திருந்தான். விஜயலெட்சுமி வாசலிலேயே மனசுக்குள் விலையைக் கூட்டிக்கொண்டாள்.

“சூட்டு முள்ளா? ரெண்டு சாதி இரிக்கி,” என்று ஷிராஸ் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். “இது கரண்ட்ல வேல செய்யிறது. இது கம்பியில வேல செய்யிறது.”

கரண்ட் முள்ளை ஒரு பழைய பெட்டரியில் தொட்டுக் காட்டினான். முள்ளின் முகம் முழுக்க நீல வெளிச்சம் பூத்தது. இராசையாவின் முகத்திலும் பூத்தது.

“எவ்வளவு?”

“பதினோராயிரம். உங்களுக்காக.”

“அது எவ்வளவு?” என்று விஜயலெட்சுமி மற்றப் பெட்டியைக் காட்டினாள். வெள்ளை முகம், கறுப்பு எண்கள், பின்னால் சுருள் சுற்றின செம்புக் கம்பி ஒன்று வால் மாதிரி நீண்டு, நுனியில் விரல் தண்டிக்கு ஒரு பித்தளைக் குமிழ்.

“அது எட்டு. ஆனா தங்கச்சி, அது பழைய காலத்துச் சாமான். இந்தக் காலத்துல யாரு எடுக்கிற?”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் நானா? வெளிச்சத்த விட்டுட்டு சொல்லுங்க.”

ஷிராஸ் அவளை ஒரு தரம் பார்த்தான். இவளுடைய காலைப் பார்த்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியிருக்கும்.

“தோட்டத்து ஆக்களுக்குத் தோட்டத்துக் கணக்குலயே சொல்றேன். கரண்ட் முள்ளு எண்டா, மலையில என்னா நடக்குதெண்டு கணக்கப்பிள்ள துரைக்கு போன்ல சொல்ற மாதிரி. மோட்டார்ல ஒரு சென்சர், அங்கேயிருந்து வயர், வயர் சொல்றத முள்ளு காட்டும். இந்தக் கம்பி முள்ளு எண்டா துரையே நேரா மலைக்கு இறங்கின மாதிரி. இந்தக் குமிழ் தண்ணிக்குள்ள நிக்கும். உள்ள இரிக்கிற வாயு சூட்டுல பெருத்து, கம்பி வழியா வந்து முள்ளத் தள்ளும். வயரும் இல்ல, பெட்டரியும் இல்ல.”

“அப்ப துரையே நேரா வாறது நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா துரைக்கு ரோசம் கூட. கம்பிய மடிக்க ஏலாது, வெட்ட ஏலாது, ஒட்டுப் போட ஏலாது. வெட்டினா வாயு போயிடும், ஆளு மவுத்து. கரண்ட் எண்டா வயர எவ்வளவு தூரத்துக்கும் இழுக்கலாம்.”

“அதான் விஜயா, கரண்டே எடுப்போம்,” என்றான் இராசையா. நீல வெளிச்சத்திலிருந்து அவன் கண் இன்னும் மீளவில்லை.

“நானா, கணக்கப்பிள்ளையோட போனு சரியில்லன்னா?”

“என்னா?”

“வாங்க, வந்து எங்க வேனப் பாத்துட்டு வெல சொல்லுங்க.”

ஷிராஸ் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தான். அவள் இராசையாவை ஏறச் சொல்லி வைப்பரைப் போடச் சொன்னாள். பிறகு ஹார்ன். ஹார்ன் முனகிற்று. பிறகு லைட். வைப்பர் நின்றுவிட்டது. பக்கத்துக் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இராசையாவுக்குச் சப்பாத்துக்குள் கால் கூசியது.

“எங்க வீட்டுக்காரரு லைட்டப் போட்டா கரண்ட் முள்ளுல சூடு கொறையும், ஹார்ன் அடிச்சா சூடு கூடும். அந்த முள்ள நம்பி நான் பதினோரு புள்ளைய ஏத்தவா?”

ஷிராஸ் வேனைச் சுற்றி வந்து, டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து வயர்களைப் பார்த்தான். செல்லோடேப், நூல், ஒரு இடத்தில் வளையல் துண்டு. நிமிர்ந்தபோது வியாபாரி போய் மனுஷன் வந்திருந்தான்.

“இதுக்குக் கரண்ட் முள்ளு வித்தா நான் பாவி. கம்பியே எடுங்க. ஏழு எழுநூறு.”

“ஆறு எழுநூறு. ரெண்டு கிளிப்பும் சேத்து.”

“தங்கச்சி, நான் கடைய மூடிட்டு உங்களோட கொழுந்து எடுக்க வரணும்.”

“வாங்க. பெரட்டுல ஆள் எண்ணுறது ஏழு மணிக்கு. சப்பாத்து வேணாம்.”

ஏழாயிரத்து இருநூறுக்கு முடிந்தது, கிளிப்புகளும் சேர்த்து. பெட்டியைக் கட்டும்போது ஷிராஸ் சொன்னான்: “சரிவரல்ல எண்டா வண்டியில பூட்டாம கொண்டாங்க, மாத்தித் தாறன். கம்பிய மட்டும் முறிச்சுப்போட்டு வராதீங்க.”

திரும்பி வந்து மத்தியானம் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்ட கையோடு இராசையா முன்சீட்டைத் தூக்கிவிட்டுக் கம்பியை விரித்தான். மோட்டாரில் தண்ணி ஓடுகிற மேல் ஓஸ் குழாயில் குமிழ் நிற்க வேண்டும். அங்கிருந்து கம்பியை மடிக்காமல், சூட்டுக் குழாயில் படாமல் கொண்டுவந்தால் முருகன் நிற்கிற இடத்துக்கு ஒரு சாண் குறைந்தது. வலது பக்கமாகச் சுற்றினான், ஒன்றரைச் சாண் குறைந்தது. இடது பக்கமாகக் கொண்டுவந்தபோது ஒரு இடத்துக்கு மட்டும் ஒழுங்காக எட்டியது. விஜயலெட்சுமியின் சீட்டுக்கு நேர் முன்னால், அவள் எப்போதும் கை வைக்கிற பிடிக்குப் பக்கத்தில்.

“சரி, நாளன்னிக்குப் போயி கரண்ட மாத்திக்குவோம்,” என்றான்.

“ஏங்க, இங்கயே பூட்டுங்களேன்.”

“அங்கயா? அது ஒனக்கில்ல தெரியும்? வண்டி ஓட்டுறது நீயா நானா?”

“நான் பாத்துச் சொல்றேன்.”

“நீ சொல்லி நான் ஓட்டவா? இருபத்திரெண்டு வருஷம் தோட்டத்து லொறி ஓட்டுனவன். பக்கத்துல ஒரு ஆள வச்சுக் கேட்டுக்கேட்டு ஓட்டுனதில்ல.”

“அந்த லொறியில புள்ளைங்க இல்ல. கொழுந்து. கொழுந்து செருப்புக் கழண்டு கத்தாது.”

அவன் கம்பியைச் சுருட்டினான். நிதானமாகத்தான், ஷிராஸ் சொன்னது ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசியது உப்பைப் பற்றி மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகப் பத்து மணியானது. பூசை முடிந்து பிலிப்பு வெள்ளைச் சட்டையோடு வந்தான். அவனோடு மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் ஏழெட்டுப் பேர். முள் பெட்டியில் கிடந்தது, வேனில் இல்லை. இராசையா கதையைச் சொல்லுமுன் பிலிப்பு அதைக் கையில் எடுத்தான். குழந்தையைத் தூக்குகிற மாதிரி, கம்பியை உள்ளங்கையில் தாங்கி.

“ஸ்டோர்ல பழைய டிரையர்ல இதே சாதிதான். வெள்ளக்காரன் காலத்துல பூட்டுனது, இன்னிக்கும் பொய் சொல்லல. தங்கச்சி, ஒரு கேத்தல்ல தண்ணி வையிங்க.”

அடுப்பு வாசலுக்கு வந்தது. கேத்தலில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பிலிப்பு குமிழை உள்ளே இறக்கினான். எல்லாரும் முள்ளின் முகத்தைச் சுற்றிக் குனிந்தார்கள். முள் மெல்ல எழுந்தது. அறுபது, எண்பது, தொண்ணூறு. தொண்ணூற்றாறில் நின்றது. கேத்தல் மூடி துள்ளுகிறது, முள் அசையவில்லை.

“பாத்தியா!” என்று இராசையா தொடையில் அடித்தான். “தண்ணி கொதிக்கிறது நூறுல. ஸ்கூல் புள்ளைக்கும் தெரியும். நாலு புள்ளி களவு! நானா நம்மள ஏமாத்திட்டாரு. அதான் அவ்வளவு எறங்கி வந்துருக்காரு.”

பேரம் பேசி வாங்கினது விஜயலெட்சுமி. கூட்டத்தில் யாரோ கீழ்கணக்கு வேன்காரன் நம்பரைப் போனில் தேடுகிற மாதிரி இருந்தது.

பிலிப்பு சிரித்தான்.

“அண்ணே, நூறுல கொதிக்கிறது கொழும்புல. கடல் கரையில. நாம இருக்கிறது நாலாயிரம் அடியில. இங்க தண்ணிக்கு அவசரம் கூட, தொண்ணூத்தாறுலயே கொதிக்கும். ஸ்டோர்ல கேத்தல் வச்சுப் பாத்தாலும் இதே தொண்ணூத்தாறுதான். இந்த முள்ளு நூறுன்னு காட்டியிருந்தாத்தான் நான் தூக்கி எறிஞ்சிருப்பேன்.” குமிழைத் துடைத்து அவளிடம் கொடுத்தான். “நல்ல சாமான் வாங்கியிருக்கீங்க. இனி ஒண்ணே ஒண்ணு. மோட்டாருக்கு ஒண்ணுமில்லன்னு கராஜ்காரன் சொன்னானாமே. அப்ப ஏன் கொதிச்சுச்சு? காரணம் தெரியாம முள்ளப் பூட்டி என்ன பிரயோசனம்?”

இராசையா குனிந்து கேத்தல் மூடியைச் சரிசெய்தான்.

கேத்தல் கொதித்துக்கொண்டே இருந்தது. விஜயலெட்சுமி கையிலிருந்த முள்ளைப் பார்த்தாள். அது தொண்ணூற்றாறிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி. அவள் உள்ளே போய்ப் படங்கை எடுத்து வந்து வாசலில் விரித்தாள். ஒரு ஓரம் சூட்டில் சுருண்டு கறுத்திருந்தது.

“இதுதான் காரணம். ரேடியேட்டர்ல சொருகியிருந்தது. கோயில்ல எறங்கி உருவுறது என் வேல. அன்னிக்கு மறந்துட்டேன். கொதிச்ச பொறகு உருவி ஒளிச்சு வச்சேன். சாமி மேலயும் மோட்டார் மேலயும் பழி போகட்டும்னு பேசாம இருந்துட்டேன்.”

அவளுக்கு இராசையாவின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. அவன் குரல்தான் முதலில் வந்தது.

“நீ எங்க மறந்த? நான் நிப்பாட்டுனாத்தானே எறங்குவ? நிப்பாட்டாம ஓட்டுனவன் நானு.” குனிந்து படங்கின் கறுத்த ஓரத்தைத் தொட்டான். “நீ சாப்பாட்டுப் பைக்கு அடியில சொருகுனத பின்னால பாக்குற கண்ணாடியில பாத்தேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்னு சொல்லலாம், ஆனா அது பொய். நீ சொல்லிட்டா ஏன் நிப்பாட்டலன்னு என்னத்தான் கேப்பாங்க. அதான் கராஜ்காரனுக்கு முன்னாலயும் ஊமையா நின்னேன்.”

“அடப்பாவி மனுசா,” என்றாள் விஜயலெட்சுமி. “அஞ்சு நாளா நான் சோறு திங்கல.”

“நானும்தான்.”

“நீங்க நேத்து ஆறு ரொட்டி தின்னீங்க!”

முதலில் சிரித்தது பிலிப்பு. பிறகு கூட்டம் முழுவதும். சிரிப்பு ஓய்ந்ததும் பிலிப்பு படங்கை மடித்து அவளிடம் கொடுத்தான்.

“ரெண்டு பேரும் வாயத் தெறந்துட்டீங்க, மத்தது ஸ்பேனர் வேல. முள்ள எங்க பூட்டப் போறீங்க?”

“கம்பி அவ பக்கத்துக்குத்தான் எட்டுது,” என்றான் இராசையா. “கரண்டுக்கு மாத்துனா எம் பக்கம் வைக்கலாம்.”

“அண்ணே, ஸ்டோர்ல டிரையருக்கு அடுப்பு எரிக்கிறவன் ஒருத்தன், முள்ளப் பாக்குறவன் நான். நான் சத்தம் போட்டாத்தான் அவன் அடுப்பக் கொறைப்பான். பதினெட்டு வருஷம் அப்படித்தான் தேயில கருகாம வந்திருக்கு. நீங்க முடக்கப் பாருங்க, தங்கச்சி முள்ளப் பாக்கட்டும். அப்படின்னா நாளைக்கு எம்புள்ள வரும்.”

இராசையா முருகனைப் பார்த்தான். அவர் வேலோடு சும்மா நின்றார். கடைசியில் சட்டைக் கையை மடித்துவிட்டு, “பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர எடு,” என்றான், யாரிடம் என்று சொல்லாமல். பிலிப்பு எடுத்துக் கொடுத்தான். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் பட்டது. அவன் பெஞ்சாதிக்கு என்ன பதில் சொன்னானோ, நமக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை பதினோரு பிள்ளைகளும் ஏறினார்கள். பனி கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. பாலத்தடியில் இராசையா வண்டியை நிறுத்தி, செவ்வாய்க்கிழமைக்கும் சேர்த்து இரண்டு சூடம் கொளுத்தினான். விஜயலெட்சுமி இறங்கிப் படங்கை உருவி, எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கி உதறி, மடித்துக் காலடியில் வைத்தாள்.

மேடு ஆரம்பித்தது. முதல் முடக்கு. பின்னால் பேச்சுக் குறைந்தது. இரண்டாவது முடக்கில் சத்தமே இல்லை. பிள்ளைகள் சீட்டுக்கு மேல் எட்டி அவளுக்கு முன்னால் இருந்த வெள்ளை முகத்தையே பார்த்தார்கள். அவளுக்கு என்ன தோன்றிற்றோ, கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசுக்காரர் கிலோவைக் கூவுகிற ராகத்தில் கூவினாள்.

“எம்பத்தி...நாலு!”

ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அடுத்த வளைவில் நிஷாலினி முந்திக்கொண்டாள். “எம்பத்தி...ஏழு!”

மூன்றாவது முடக்கு. மோட்டார் உறுமியது. முள் எண்பத்தொன்பதுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்தது. விஜயலெட்சுமி கூவவில்லை, நின்ற முள்ளைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இராசையா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கியரைக் குறைத்தான். கொஞ்ச தூரம் போனான். பிறகு, லொறியிலும் வேனிலுமாக இருபத்தெட்டு வருஷம் ஸ்டியரிங்கில் கை வைத்து யாரிடமும் ஒன்றும் கேட்காதவன், கேட்டான்.

“இப்ப எத்தன விஜயா?”